யூடியூபுக்கு முன்பே வீடியோ தளங்கள் இருந்தனவே, அது மட்டும் எப்படி ஜெயித்தது? இனி அதற்குப் போட்டி வருமா?

‘முதலில் இந்த பிளேயரை இன்ஸ்டால் செய்யுங்கள்’ என்று யூடியூப் யாரிடமும் கேட்கவில்லை. என்னைப் பொறுத்தவரை முதல் காரணம் இதுதான், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

2000-களின் தொடக்கத்தில் பிரவுசிங் சென்டரில் பொழுதைக் கழித்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். ஒரு தளத்தில் வீடியோவை அழுத்தினால் ரியல்பிளேயர் வேண்டும் என்று வரும். இன்னொரு தளம் குயிக்டைம் கேட்கும். சென்டர்காரரோ வைரஸ் பயத்தில் எதையும் இன்ஸ்டால் செய்ய விடமாட்டார். வீட்டில் சொந்தமாகக் கணினி வைத்திருந்தவர்கள் நிலைமையிலும் பெரிய வித்தியாசமில்லை. ராத்திரி முழுக்க டவுன்லோடு போட்டு, காலையில் திறந்தால் சத்தம் மட்டும் வரும், படம் வராது. ‘கோடெக் இல்லை’ என்பார்கள், அதாவது அந்த வகை வீடியோவைப் பிரித்துக் காட்டும் மென்பொருள் இல்லை. எனக்குத் தெரிந்து கணினி பழுது பார்ப்பவர்கள் எல்லோரிடமும் கோடெக் பேக் அடங்கிய ஒரு சிடி இருந்தது.

பார்ப்பவர் பாடு இப்படி என்றால், போடுபவர் பாடு இன்னும் மோசம். வீடியோவை எங்கே வைப்பது? ஷேர்யுவர்வேர்ல்டு என்ற தளம் 1997-லேயே யார் வேண்டுமானாலும் வீடியோ ஏற்றலாம் என்று கதவைத் திறந்தது. பேண்ட்வித் செலவு, அதாவது பார்ப்பவர்களுக்கு வீடியோவை இணையத்தில் அனுப்பும் செலவு கையைக் கடிக்க, 2001-ல் மூடிவிட்டார்கள். சொந்த இணையதளத்தில் வைத்தால், நாலு பேர் அதிகமாகப் பார்த்தாலே அந்த மாத ஒதுக்கீடு தீர்ந்து தளமே படுத்துவிடும்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது இதை உலகமே பார்த்தது. கடற்கரை விடுதிகளில் இருந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்த காட்சிகள் சிலரது வலைப்பூக்களில் கிடைத்தன. ஆனால் எது எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு, கண்டுபிடித்தாலும் சர்வர் தாங்காது. யூடியூபைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம், தனக்கு இந்த யோசனை வர அதுவும் ஒரு காரணம் என்று பின்னாளில் சொன்னார். மற்ற இருவரான சாட் ஹர்லியும் ஸ்டீவ் சென்னும் சொல்லி வந்தது வேறு கதை: ஒரு விருந்தில் எடுத்த வீடியோவை நண்பர்களுக்கு அனுப்ப முடியவில்லையாம். அந்தக் கதை விளம்பரத்துக்காக மெருகேற்றப்பட்டது என்று சென்னே ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் கரீம் பக்கம்.

இத்தனைக்கும் 2005 பிப்ரவரியில் அவர்கள் ஆரம்பித்தது, வரன் தேடுவதற்கு வீடியோ போடும் தளம் மாதிரியான ஒன்று. காசு தருகிறோம் என்று விளம்பரம் கொடுத்துக் கூப்பிட்டும் பெண்கள் யாரும் வரவில்லை. சரி, என்ன வேண்டுமானாலும் போடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஏப்ரல் 23-ல் ஏறிய முதல் வீடியோவில், சான் டியேகோ மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று கரீம் 19 வினாடி பேசுகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விளையாட்டுகளும் விளம்பரங்களும் ஓடுவதற்காக ஃபிளாஷ் என்ற மென்பொருள் அப்போதே கிட்டத்தட்ட எல்லா பிரவுசரிலும் உட்கார்ந்திருந்தது. 2002-ல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து அது வீடியோவும் காட்டும். நீங்கள் எந்த ஃபார்மட்டில் கொடுத்தாலும் யூடியூப் தன் சர்வரில் ஃபிளாஷ் வீடியோவாக மாற்றிக்கொண்டது. பார்ப்பவர் அழுத்தினால் போதும். இறங்க இறங்கப் படம் ஓடும். தரம் சுமார்தான், 320-க்கு 240. அதனால்தான் நம் ஊரிலும் பார்க்க முடிந்தது. இந்திய அரசின் 2004 கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே ‘பிராட்பேண்ட்’. வீடியோவை நிறுத்திவைத்து, அது எவ்வளவு இறங்கியது என்று காட்டும் சாம்பல் நிறக் கோடு கடைசிவரை ஓடும்வரை காத்திருந்து பார்த்த தலைமுறை நாங்கள்.

இதே 2005-ல் கூகுள் வீடியோவும் வந்தது. பணம், சர்வர், பொறியாளர்கள் எல்லாம் அவர்களிடம்தான் இருந்தன. ஆனால் ஏற்றிய வீடியோவை அவர்கள் சரிபார்த்து அனுமதித்த பிறகுதான் அது வெளியே தெரியும், அதைப் பார்க்கவும் ஆரம்பத்தில் தனி பிளேயர் வேண்டும். 2004 நவம்பரிலேயே வந்துவிட்ட விமியோ, சொந்தப் படைப்பை மட்டும் போடச் சொன்னது. யூடியூபில் அப்படித் தடுக்க வாசலில் ஆளே இல்லை. கூடவே, வீடியோவை உங்கள் வலைப்பூவிலோ மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளப் பக்கத்திலோ ஒட்டிக்கொள்ள ஒரு வரி நிரலும் கொடுத்தார்கள். செலவு அவர்களுடையது.

வாசலில் ஆள் இல்லாததால் திருட்டுச் சரக்கும் வந்து குவிந்தது. இதை மறைத்துவிட்டு யூடியூப் வெற்றியைப் பேசுவது நேர்மையாகாது. 2006 மார்ச்சில் ஒரு வீடியோ 10 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள். நம்மவர்கள் அசரவில்லை, முழு தமிழ்ப் படத்தையும் பதினைந்து துண்டாக நறுக்கிப் போட்டார்கள். சரியாக கிளைமாக்ஸ் இருக்கும் துண்டு மட்டும் நீக்கப்பட்டிருக்கும்!

2006 அக்டோபரில் கூகுளே 165 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து யூடியூபை வாங்கியது. இது நடக்காமல் இருந்தால் பேண்ட்வித் செலவோ வழக்குகளோ அதை முடித்திருக்கும் என்பது என் கணிப்பு. 2007 மார்ச்சில் அமெரிக்க ஊடக நிறுவனமான வயகாம் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது, 2014-ல்தான் சமரசம் ஆனது. அதற்குள் வீடியோக்களைத் தானாக ஒப்பிட்டுப் பார்த்து உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி வந்துவிட்டது. நீக்கச் சொல்லி வந்த நிறுவனங்கள், நீக்க வேண்டாம், விளம்பரப் பணத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்றன.

போட்டி வருமா என்றால், ஒரு தடவை வந்தது. யாரைப் பின்தொடர்வது, எதைத் தேடுவது என்ற வேலையைக்கூட டிக்டாக் பார்ப்பவரிடமிருந்து எடுத்துவிட்டது. யூடியூப் பிளேயர் தொல்லையை ஒழித்தது போலத்தான் இதுவும். 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸ் என்ற குறுவீடியோ வசதியை முதலில் சோதனைக்கு விட்ட நாடு இந்தியாதான்.