முள் குத்தியது தெரியாத காலுக்கு ராத்திரி எரிச்சல் மட்டும் எப்படித் தெரிகிறது?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. அப்பாவுக்கு வயது 58, சுகர் வந்து 12 வருடம். போன வாரம் தோப்பிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தரையெல்லாம் ரத்தம். பார்த்தால், குதிகாலில் சீமைக்கருவேல முள் முறிந்து நிற்கிறது! காலையிலிருந்து அதோடுதான் நடந்திருக்கிறார். நானே பிடுங்கிவிட்டேன். "வலியே இல்லம்மா, விடு" என்கிறார். ஆனால் இதே கால் ராத்திரியானால் எரிகிறதென்று ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு தூங்காமல் கிடக்கிறார். இது எப்படி டாக்டர்?

பதில்: அம்மா, விளக்கம் அப்புறம். முதலில் அப்பாவை நாளைக் காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப்போங்கள். முள் முழுசாக வந்ததா, நுனி உள்ளே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேனில் தெரியும். டி.டி. ஊசி தேவையா என்று கேளுங்கள். ஊக்கால் நோண்டுவது, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவது, வெந்நீர் ஒத்தடம் மூன்றுமே கூடாது. கால் சிவந்தாலோ, வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ காலைவரைகூடக் காத்திருக்காதீர்கள்.

இப்போது உங்கள் கேள்வி. நல்ல கேள்வி.

நம் தோலுக்குள் மெல்லத் தொடுவது, அழுத்துவது, அதிர்வது எல்லாவற்றுக்கும் தனித்தனி நரம்பு முனைகள் இருக்கின்றன. தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் தடிமனானவை. மேலே கொழுப்புறை இருப்பதால் செய்தி நொடிக்கு 35 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். வலிக்கு இரண்டு வழி. வாசற்படியில் கால் விரலை இடித்துக்கொண்டால் முதலில் 'சுரீர்' என்கிறது, ஒரு நொடி கழித்து 'விண் விண்' என்று தெறிக்கிறது இல்லையா? சுரீர் வருவது மெல்லிய உறையுள்ள இழை வழியாக. அடுத்தது உறையே இல்லாத இழையில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நடந்து வருகிறது. காலிலிருந்து தலைக்கு வர அவ்வளவு நேரமாகும். ஆனால் 'சுரீர்' மூளைக்குத் தெரியும் முன்பே தண்டுவடம் காலைத் தூக்கிவிடும். அப்பாவுக்கு அந்தத் தூக்கல்கூட நடக்கவில்லை.

சூட்டை உணரும் முனையில் ஒரு குட்டிக் கதவு இருக்கிறது. சுமார் 43 டிகிரி சூட்டில் அது திறக்கும். மிளகாயின் காரச்சத்தும் அதே கதவைத்தான் திறக்கிறது. மிளகாய் அரைத்த கை நெருப்புப் பட்டதுபோல் எரிவது அதனால்தான். இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கும், தொடு உணர்வின் கதவைக் கண்டுபிடித்த ஆர்டெம் படாபூட்டியனுக்கும் 2021இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சரி, சுகர் இதில் என்ன செய்கிறது? கால் விரல்வரை போகும் நரம்பிழையின் தாய்ச்செல் இடுப்புப் பக்கம், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. இழை மட்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அவ்வளவு தூரத்துக்கு அதற்குச் சாப்பாடு போக வேண்டும். பல வருடம் சர்க்கரை கூடுதலாக இருந்தால் நரம்பும் கெடும், அதற்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் கெடும். நீளமான இழைதான் முதலில் அடிவாங்கும். அதனால்தான் மதமதப்பு விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்டதுபோல் மேலே ஏறுகிறது.

எலி கடித்த வயரை நினைத்துப் பாருங்கள். சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியாது, ஆனால் வயரில் தானாகவே பொறி பறக்கும். பழுதான நரம்பும் அப்படித்தான். முள் குத்திய செய்தியைக் கொண்டுபோகாது, ஆனால் ஒன்றுமே படாதபோது தானாகத் துடிக்கும். மூளைக்கு அது காலிலிருந்து வந்த வயர் என்று மட்டும்தான் தெரியும். அதனால் 'கால் எரிகிறது' என்று எடுத்துக்கொள்கிறது. அப்பாவுக்கு வரும் எரிச்சல் நிஜம். தயவுசெய்து யாரும் அதைப் பிரமை என்று சொல்லிவிடாதீர்கள்.

ராத்திரியில் ஏன் கூடுகிறது? இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைகிறது அல்லவா? தொடு உணர்வு தண்டுவடத்திலேயே வலிக்குக் கதவைச் சாத்துகிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் விளக்கினார்கள். பகலில் நடையும் வேலையும் கொஞ்சம் சாத்திவைக்கும். படுத்தபின் அந்தச் சத்தங்கள் அடங்கிவிடுகின்றன.

எனக்குப் பயம் அந்த 'வலியே இல்லம்மா'தான். பக்கத்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடியும் சூடும் பட்டே சிதைகின்றன என்று எடுத்துக்காட்டினார். சுகர் கால்களிலும் இதே கதைதான். செருப்புக்குள் சோடா மூடி கிடந்தது தெரியாமல் இரண்டு நாள் நடந்துவிட்டு வந்தவரின் பாதத்தை நான் பார்த்திருக்கிறேன். மூடியின் பற்கள் வட்டமாகப் பதிந்திருந்தன. அவரும் சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

டாக்டரிடம் நைலான் இழையாலும் அதிர்வுக் கவையாலும் பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுகிறார் என்றால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்க வேண்டும், அது குறைந்தாலும் கால் மரத்துப்போகும். உடம்பில் வெளிறிய, உணர்வில்லாத தேமல் இருந்தால் அதையும் காட்டுங்கள். எரிச்சலுக்குத் தனி மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டர் எழுதித் தருவார். மெடிக்கலில் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள். இந்த எரிச்சலுக்கு அது கேட்காது, சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும். சுகர் கட்டுக்குள் இருந்தால் நரம்பு மேலும் கெடுவது குறையும். மாத்திரை வாங்கப் போக முடியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இல் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். களிதானே, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று இங்கே நிறையப் பேர் நினைக்கிறார்கள். கேழ்வரகும் மாவுச்சத்துதான், அளவு வேண்டும்.

ஈரத்துணியை நிறுத்திவிடுங்கள், விரலிடுக்கில் ஈரம் நின்றால் புண்ணாகும். தினமும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் அவர் பாதத்தை நீங்களே பாருங்கள். தோப்புக்கு வெறுங்காலோடு போகவே கூடாது. உள்ளங்காலுக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பாக, பின்வார் உள்ளதாக வாங்கிக்கொடுங்கள். போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். அவர் கைவிரலும் மரத்திருந்தால், அம்மா, உங்கள் கையால் தடவிப் பாருங்கள்.