கொழும்பில் காணி வழக்குச் சட்டத்தரணியாக வாழ்க்கை எப்படி இருக்கும்?

சொலிசிட்டர் ஆக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே அந்தப் பிரிவே இல்லை. முன்பு பிரக்கிராசி (சொலிசிட்டரைப் போல வழக்கைத் தயாரிப்பவர்), அப்புக்காத்து (நீதிமன்றத்தில் வாதாடுபவர்) என்று இரண்டு இருந்தது. 1974 முதல் எல்லோரும் சட்டத்தரணிகள்தான். ஆனால் பழக்கம் போகவில்லை: ஒருவர் கோவையைத் தயாரிப்பார், இன்னொருவர் எழுந்து வாதாடுவார்.

புதுக்கடைச் சட்டக் கல்லூரியில் படித்து, மூத்தவர் ஒருவரிடம் பயிற்சி எடுத்துச் சத்தியப்பிரமாணம் செய்யலாம். உண்மையான படிப்பு காணிப் பதிவகத்தில்தான். பழைய ஏட்டைப் புரட்டினால் தாத்தா எழுதிய உறுதியில் (காணிப் பத்திரத்தில்) "வடக்கே மாமரம்" என்றிருக்கும். இன்றைக்கு அங்கே மூன்று மாடிக் கட்டடம்.

அதிகம் வருவது 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான பிரிவினை வழக்கு, அதாவது பலருக்குப் பொதுவான காணியைப் பங்கு பிரிக்கும் வழக்கு. ஆறு பேர்ச் காணிக்கு ஒன்பது பங்காளிகள், அதில் நாலு பேர் கனடாவில். பத்து வருஷம் உரிமையாளருக்கு எதிரிடையாகக் காணியை அனுபவித்தவருக்கே அது சொந்தம் என்ற வாதமும் குறுக்கே வரும். ஆனால் அண்ணன் தம்பிக்குள் வெறுமனே குடியிருந்தது போதாது. மற்றவரின் பங்கை மறுத்து ஆண்டதைக் காட்ட வேண்டும்.

சிங்களம் வாசிக்கப் பழகுங்கள், உறுதிகளில் பாதி அதில்தான். முதல் சில வருஷம் கையில் காசு நிற்காது. நொத்தாரிசு வேலையையும் (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துவது) சேர்த்துக்கொண்டால் சமாளிக்கலாம்.