போராக்ஸ் மூட்டையும் அபூர்வக் கனிமங்களும்

அன்புள்ள ஐயா,

உருமாறிய பாறைகளிலுள்ள போரான், பெரிலியம் கனிமங்களைப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். தென்னையில் குரும்பை உதிர்ந்தால் நாங்கள் உரக்கடையில் போராக்ஸ் வாங்கி வைக்கிறோம். மூட்டையாகக் கிடைப்பது எப்படி அபூர்வமாகும்? பாறையே தென்படாத எங்கள் காவிரிப் படுகையில் இக்கனிமங்களில் ஏதேனும் கிடைக்குமா?

ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் வாங்கும் போராக்ஸ் ஒரு போரான் சேர்மம். அதற்கு மூலம், எரிமலைப் பகுதிகளில் இருந்த ஏரிகள் வற்றிப் படிந்த உப்புகள். துருக்கியிலும் கலிபோர்னியாவிலும் அவை பெருமளவில் வெட்டியெடுக்கப்படுகின்றன. நான் அபூர்வம் என்றது போரானை அன்று. கடும் வெப்பத்தில் உருமாறிய பாறைக்குள் அது கொள்ளும் சில வடிவங்களையே.

கடலடிக் களிமண் கடல்நீரிலிருந்து போரானைப் பற்றிக்கொள்கிறது. அக்களிமண் ஆழப் புதைந்து உருமாறும்போது அந்தப் போரான் பெரும்பாலும் டூர்மலின் என்ற கனிமத்தில் சேர்கிறது. வெப்பம் மேலும் ஏறிப் பாறை உருகத் தொடங்கினால், டூர்மலினும் சிதைந்து, போரானின் பெரும்பகுதி குழம்போடும் நீர்மங்களோடும் வெளியேறிவிடுகிறது. எஞ்சிய சிறு பங்கு, மக்னீசியமும் அலுமினியமும் மிகுந்த பாறையில் தங்க நேர்ந்தால் கோர்னெருபின் போன்ற அபூர்வக் கனிமங்கள் உருவாகின்றன. ஆனந்த குமாரசாமி இலங்கையில் நிலவியல் ஆய்வில் ஈடுபட்டிருந்த நாட்களில், 1902இல் கண்டறியப்பட்ட செரண்டிபைட்டும் போரான் கனிமமே. (அவரைக் கலை வரலாற்றோடு மட்டும் சேர்த்து நினைப்பது நம் வழக்கமாகிவிட்டது.)

இவற்றை இனங்காண்பதும் எளிதன்று. போரானும் பெரிலியமும் மிக இலேசான தனிமங்களாதலால், அவை வெளியிடும் எக்ஸ் கதிர்கள் வலுவற்றவை. பாறைத் துண்டை எலக்ட்ரான் கற்றையால் ஆராயும் கருவி அவற்றைத் தவறவிடக்கூடும். சின்ஹலைட் என்ற போரான் கனிமம் 1952 வரை பழுப்புநிறப் பெரிடாட் என்ற மணிக்கல்லாகவே கருதப்பட்டு வந்தது.

இனிப் படுகைக்கு வருகிறேன். காங்கேயத்தை அடுத்த படியூர், கடல்நீல நிறப் பெரிலுக்குப் பெயர்பெற்றது. பெரிலியம் கொண்ட அக்கல் அங்கு பெரிய படிகங்களாலான பெக்மடைட் பாறையில் விளைந்தது. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் பெரில் மணிகள் செய்யப்பட்டதற்கான சான்றுகள் அகழாய்வில் கிடைத்துள்ளன. நொய்யல் காவிரியில் கலந்தாலும், ஆற்றுமணலில் பெரிலைப் பிரித்தறிவது கடினம். நீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால், அதன் அடர்த்தி சுமார் 2.7, வெண்மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. இரண்டையும் நீர் ஏறக்குறைய ஒன்றாகவே இழுத்துச் செல்லும். டூர்மலின் 3க்கு மேற்பட்ட அடர்த்தியுடையது, எளிதில் சிதையாதது. ஆகவே களிமண் வயலை விட்டுவிட்டு, மணல் திட்டுகளில் கருமணல் கோடாகப் படிந்திருக்கும் இடத்தில் சிறிது அள்ளி, காந்தத்தால் இரும்புத் தாதுவை நீக்கியபின் உருப்பெருக்கியில் பாருங்கள். கரும்பழுப்பு நிறமும் நீளவாக்கில் வரிகளும் கொண்ட பட்டகங்கள் தென்பட்டால் அவை டூர்மலினாக இருக்கலாம். ஹார்ன்பிளெண்ட் என்ற வேறொரு கனிமமும் கருமையாகவே தோன்றுமாதலால், நிலவியல் படித்த ஒருவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.