வாடகையே இ.எம்.ஐ. கட்டிவிடுமா?

கேள்வி: வயது 34. கோவையில் தனியார் வேலை. பிடித்தம் போகக் கைக்கு 90,000 ரூபாய். கணபதியில் அப்பா கட்டிய வீட்டில் எல்லோரும் சேர்ந்து இருக்கிறோம், தரைத்தளம் மட்டும். சேமிப்பு 16 லட்சம். சரவணம்பட்டி பக்கம் பழைய ஃபிளாட் ஒன்று 50 லட்சத்துக்கு வருகிறது. 16,000 வாடகை கிடைக்குமாம். "லோன் போட்டு வாங்குங்க, வாடகையே இ.எம்.ஐ. கட்டிரும்" என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். புரோக்கர் சொன்னதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், புரிந்துவிடும்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனை, வீட்டு மதிப்பில் 80 சதவிகிதத்துக்குள் வைக்கச் சொல்கிறது ரிசர்வ் வங்கி. ஆக, கடன் 40 லட்சம், கைக்காசு 10 லட்சம். பத்திரச் செலவு இதில் சேராது. பழைய வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2 என 9 சதவிகிதம்; அது 4.5 லட்சம். அப்புறம் கமிஷன், பெயின்ட், குழாய் வேலை. உங்கள் 16 லட்சம் கிட்டத்தட்ட காலி.

8.5 சதவிகித வட்டியில் 20 வருடத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 34,700 ரூபாய். முதல் வருடம் வட்டியாக மட்டும் 3.37 லட்சம் போகும். வாடகையோ, பன்னிரண்டு மாதமும் தவறாமல் வந்தால்கூட 1.92 லட்சம்தான். அசலை விடுங்கள், வட்டிக்கே பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் எட்டுகிறது. சொத்து வரி, பராமரிப்பு, வீடு பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் சேர்த்தால் மாதாமாதம் 20,000-க்கு மேல் சம்பளத்திலிருந்து போடுவீர்கள். வரியில் மிச்சமாகும் என்றும் நம்பாதீர்கள். வாடகையைவிட வட்டி அதிகம் போவதால் வரும் நஷ்டத்தை, புதிய வரி முறையில் சம்பளத்தில் கழிக்க முடியாது. பழைய முறையிலும் வருடத்துக்கு 2 லட்சம் வரைதான்.

விலை ஏறுமே என்பீர்கள். ஏறுவது மனை, கட்டடம் தேய்ந்துகொண்டேதான் போகும். அந்த ஃபிளாட்டில் உங்களுக்கு யு.டி.எஸ்., அதாவது பிரிபடாத மனைப் பங்கு, எத்தனை சதுர அடி என்று கேட்டீர்களா?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "தரைத்தளம் மட்டும்" என்ற இரண்டு சொற்கள். மனைக்குக் காசு கொடுக்காமல் கிடைக்கும் வாடகைதான் நல்ல வாடகை. மாடி எடுங்கள். 850 சதுர அடி, சதுர அடிக்கு 2,300 ரூபாய் என்று வைத்தால் 19.5 லட்சம் ஆகும். 9.5 லட்சம் கையிலிருந்து, 10 லட்சம் கடன். அதே வட்டியில் பத்து வருடத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 12,400. மாடி வீட்டுக்கு 12,000 வாடகை வந்தால் புரோக்கர் சொன்னது இங்கே ஏறக்குறைய பலித்துவிடும்! 6.5 லட்சம் அவசரத்துக்கு மிச்சம் இருக்கும். ஃப்ளோட்டிங் வட்டிக் கடனாக, அதாவது வட்டி அவ்வப்போது ஏறி இறங்கும் கடனாக எடுத்தால், போனஸ் வரும்போது முன்கூட்டி அடைக்கலாம், அபராதம் கிடையாது.

இதில் சிக்கல் பணத்தில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது. வீடு அப்பா பெயரில் என்றால் கடனில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். உரிமை இல்லாமல் வட்டிக்கான வரிக்கழிவை நீங்கள் கேட்கவும் முடியாது. உடன்பிறந்தவர்கள் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், நீங்கள் காசு போட்டுக் கட்டிய மாடி நாளைக்குப் பாகப்பிரிவினையில் எல்லோருக்கும் பங்காகிவிடலாம். அதனால் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி, மாடியையும் மனையில் ஒரு பங்கையும் அப்பா உங்களுக்குத் தான செட்டில்மெண்டாக, அதாவது காசு வாங்காமல் எழுதிக் கொடுக்கும் பத்திரமாகப் பதிந்து தரட்டும். குடும்பத்துக்குள் என்பதால் பதிவுச் செலவில் சலுகை உண்டு. இதைப் பேசக் கூச்சப்பட்டுவிட்டு, பிறகு பேச்சுவார்த்தையே நின்றுபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்று மாலை மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். தூண் கம்பிகளை மேலே நீட்டி விட்டிருக்கிறார்களா? இருந்தால் அப்பா அன்றைக்கே மாடியை நினைத்திருக்கிறார். ஆனாலும் துருப்பிடித்த கம்பியை நம்பிவிடாமல், அஸ்திவாரம் தாங்குமா என்று ஒரு இன்ஜினீயரிடம் எழுதி வாங்குங்கள். மாநகராட்சி பிளான் அனுமதி இல்லாமல் வங்கி கடன் தராது. மாடிக்குத் தனி மின் இணைப்பு எடுத்துவிடுங்கள். படி வெளிப்பக்கமாக ஏறட்டும். குடிவருபவர் உங்கள் ஹாலைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும் என்றால் 12,000 யாரும் தரமாட்டார்கள்.