எந்த எஸ்எஸ்டி வாங்கலாம்?

கேள்வி: மகனின் பழைய மடிக்கணினிக்கு 1 டிபி எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) வாங்க சிம் லிம் ஸ்கொயர் போனேன். ஒன்று நொடிக்கு 3,500 எம்பி, இன்னொன்று 7,000 எம்பி என்றார்கள். வேகமானதற்கு 60 வெள்ளி கூடுதல். எதை வாங்குவது?
– வாசகி, ஈசூன்

பதில்: அந்த 60 வெள்ளி கையிலேயே இருக்கட்டும், அம்மா. பெட்டியில் போட்டிருப்பது பெரிய கோப்பை ஒரே மூச்சில் படிக்கும் வேகம். கணினி தொடங்குவதும் பாட வேலையும் சின்னச் சின்னக் கோப்புகளால் நடப்பவை. அங்கே இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. என் அண்ணன் மகளின் கணினியில் ஹார்டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டி போட்டேன், வெறும் 550 எம்பிதான். இரண்டு நிமிடம் எடுத்த தொடக்கம் இருபது நொடியில் முடிந்தது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

வாங்குமுன் மகனின் கணினி எதை ஏற்கும் என்று பாருங்கள். பிசிஐஇ என்ற வேகமான இணைப்பின் மூன்றாம் தலைமுறை என்றால் 7,000 எம்பி எஸ்எஸ்டியும் அங்கே 3,500க்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். சாட்டா மட்டும் என்றால் கடையில் காட்டிய இரண்டும் வேலையே செய்யாது; அவை பிசிஐஇ-யில் ஓடும் என்விஎம்இ வகை. மகன் பெரிய வீடியோக்களைத் தொகுப்பவர் என்றால் சரி, வேகத்துக்குக் காசு கொடுக்கலாம். இல்லையென்றால் ஐந்தாண்டு உத்தரவாதம் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.