மகள் காதல் நாவல் எழுதப் போகிறாளாம்: வெள்ளவத்தைத் தாய் ஒருவருக்குப் பதில்

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் இப்போது வேலையை விடக் கூடாது. அதற்காக, எழுதுவதை நிறுத்தச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்துவதும் சரியில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அது மெதுவான வழி. ஆனால் எழுதி வாழ்கிறவர்களில் பெரும்பாலானோர் அந்த வழியால்தான் வந்திருக்கிறார்கள்.

நீங்கள் எழுதியதிலிருந்து நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். மகளுக்கு 23 வயது. உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. சீமா என்கிற முகாமைக் கணக்காளர் பரீட்சைகளில் பாதி முடித்துவிட்டு, கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடமாகப் பிரதிலிபி என்ற இணையக் கதைத் தளத்தில் புனைபெயரில் காதல் தொடர்கதை எழுதுகிறாள். வாசகர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஜனவரியில் வேலையை விட்டு முழுநேரமாக எழுதப் போவதாகச் சொல்லிவிட்டாள். அப்பா அன்றிலிருந்து பேசுவதில்லை. "நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்" என்கிறீர்கள். கேட்க மாட்டாள் அம்மா. இந்த வயதில் யார் கேட்டோம்? கணக்குப் போட்டுக் காட்டினால் ஒருவேளை கேட்பாள், அதுவும் கணக்குப் படித்த பிள்ளை.

முதலில் உங்கள் மனதில் இருக்கிற, கடிதத்தில் பாதியில் விட்டுவிட்ட விஷயம். "இலக்கியம் என்றாலும் பரவாயில்லை, காதல் கதை..." என்று புள்ளி வைத்திருக்கிறீர்கள். தொழில் என்று பார்த்தால் விஷயம் தலைகீழ். புனைகதையில் வாசகர் திரும்பத் திரும்பக் காசு கொடுத்து வாங்குகிற பிரிவுகளில் காதல் கதை முன்வரிசையில் இருக்கிறது. லண்டனில் 1908இல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் என்ற காதல் நாவல் பதிப்பகம் நூறு வருடம் தாண்டி இன்னும் மாதாமாதம் புத்தகம் போடுகிறது. மருதானையில் விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் அந்தப் புத்தகங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கும். உங்கள் வயதுக்காரர்களில் அதை வாசித்தவர் அதிகம், ஒப்புக்கொள்கிறவர்தான் குறைவு என்று சொன்னாலும் பிழையில்லை. எங்கள் நாட்டிலேயே 1970களில் இந்தியச் சஞ்சிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது, வீரகேசரி பிரசுரங்கள் உள்ளூர் எழுத்தாளர்களின் நாவல்களை வரிசையாக வெளியிட்டன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் சென்னைப் புத்தகங்கள் மறுபடி வந்து குவிந்தன, உள்ளூர்ச் சந்தை சுருங்கியது. வாசகர்கள் எங்கேயும் போய்விடவில்லை. அவர்கள் கைக்கு வருவது அக்கரைப் புத்தகம், அவ்வளவுதான்.

சரி, காசுக்கு வருவோம்.

அச்சுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் தமிழ் நாவல் ஒன்றை அநேகமாக எழுத்தாளரே கைக்காசு போட்டு அச்சடிக்கிறார். உதாரணத்துக்கு 300 பிரதிகள், ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 450 ரூபாய், விலை 900 ரூபாய் என்று வையுங்கள். புத்தகக் கடைக்கு 35 வீதம் கழிவு கொடுத்தால் கையில் வருவது 585. அச்சுச் செலவு போக மிச்சம் 135 ரூபாய். 300 பிரதியும் விற்றால் 40,500 ரூபாய். விற்றால்! அன்பளிப்புப் பிரதி, கடையில் தங்கும் பிரதி, கொண்டுபோய்க் கொடுத்த முச்சக்கர வண்டிக் கூலி எல்லாம் இதற்குள்தான். வெளியீட்டு விழாவில் மண்டபம் நிறைந்து, தலைமையுரை, ஆய்வுரை, ஏற்புரை எல்லாம் முடிந்து, சொந்தக்காரரும் அப்பாவின் சிநேகிதர்களும் வரிசையில் நின்று கடித உறைக்குள் காசு வைத்துக் கொடுத்துச் சிறப்புப் பிரதி வாங்குவார்கள். முதல் புத்தகத்துக்கு அந்த உறைகள் செலவை ஈடுகட்டிவிடும். அது மொய், விற்பனை இல்லை. மூன்றாவது புத்தகத்துக்கு அதே ஆட்கள் வர மாட்டார்கள்.

அதனால் உங்கள் மகள் அச்சை நம்பாமல் இணையத்தை நம்புவது புத்திசாலித்தனம்தான். ஆனால் அங்கேயும் நுணுக்கமான விஷயங்கள் இருக்கின்றன. அமேசான் கிண்டிலில் தமிழ்ப் புத்தகத்தை மின்னூலாக நாமே பதிவேற்றலாம். அமெரிக்கச் சந்தையில் விலை 2.99 டொலருக்கும் 9.99 டொலருக்கும் இடையில் இருந்தால் 70 வீத உரிமைத்தொகையைத் தெரிவுசெய்யலாம். அதற்கு வெளியே போனால் 35 வீதம். தமிழ் வாசகர் அதிகம் இருப்பது இந்தியாவில். அங்கே 70 வீதம் வேண்டுமென்றால் 'செலக்ட்' என்ற திட்டத்தில் சேர வேண்டும். அந்தத் திட்டத்தில் சந்தாதாரர்கள் புரட்டிய பக்கக் கணக்குக்கும் காசு வரும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்தக் கதையின் மின்னூல் வடிவம் வேறு எந்தத் தளத்திலும் இருக்கக் கூடாது. அதாவது பிரதிலிபியில் கிடக்கிற அதே கதையை அங்கேயும் போட முடியாது. தெரியாமல் போட்டால் கணக்கே முடக்கப்படலாம். எந்தக் கதை எந்தத் தளத்துக்கு என்று இப்போதே பிரித்து வைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: காசு இலங்கை வங்கிக் கணக்குக்கு எந்த வழியால் வரும், இடையில் யார் எவ்வளவு பிடிப்பார்கள், அமெரிக்க விற்பனைக்கு என்ன வரிப் படிவம் நிரப்ப வேண்டும்? இந்த மூன்றையும் அவளே விசாரித்து ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரட்டும். கணக்காய்வு வேலை செய்கிறவளுக்கு இது ஒரு மாலை நேர வேலை. இதைச் செய்ய அலுப்புப்படுகிறாள் என்றால், அவள் ஆசைப்படுவது எழுத்துத் தொழிலுக்கா, வேலையிலிருந்து தப்புவதற்கா என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். தப்புவதற்கு என்றால் அதுவும் குற்றமில்லை. ஆனால் அதற்கு மருந்து வேறு.

எனக்கு உண்மையில் கவலை தருவது காசு இல்லை. அவளிடம் இப்போது இருப்பது நாவல் அல்ல, தொடர்கதை. நீங்கள் அனுப்பிய இணைப்பில் போய்க் கொஞ்சம் வாசித்துப் பார்த்தேன். பேச்சு மொழி நன்றாக வருகிறது. காலிவீதியில் மழை நேரம் பஸ்ஸுக்குள் நடக்கிற ஒரு சண்டை, அசல். ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் கதவு தட்டப்படுவதிலோ, தொலைபேசி அடிப்பதிலோ முடிகிறது. அடுத்த அத்தியாயத்தில் வந்து நிற்பது பால்காரர். முதல் இரண்டு பந்தி முன்கதை. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நாயகனுக்கு அண்ணன் இருந்தார், நாற்பதுக்குப் பிறகு அவரைக் காணவே இல்லை. வாசகர்கள் "அடுத்த பகுதி எப்போது அக்கா?" என்று கேட்கும் வேகத்தில் இது நடப்பது இயல்பு. தளத்தில் இது ஓடும். புத்தகமாக்கும்போது அந்த நூற்றுச்சொச்சம் அத்தியாயங்களை உடைத்து, முன்கதைகளைக் கழித்து, அண்ணனை ஒன்றில் ஒழுங்காக வாழவைத்து அல்லது அடியோடு எடுத்துவிட்டு, 50,000 அல்லது 60,000 சொற்களுக்குள் கொண்டுவர வேண்டும். அதை ஒரு முறை முழுதாகச் செய்து பார்த்தவருக்குத்தான் இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்று தெரியும். மகள் இன்னும் செய்யவில்லை. ஜனவரிக்குள் செய்யவேண்டிய வேலை அதுதான், ராஜினாமாக் கடிதம் இல்லை.

ஆங்கிலத்திலும் எழுதுவாளா என்று நீங்கள் சொல்லவில்லை. எழுதுவாள் என்றால் மில்ஸ் அண்ட் பூன் போன்ற இடங்கள் முகவர் இல்லாமலே நேரடியாகக் கையெழுத்துப் பிரதி ஏற்கின்றன. அவர்களின் பல வரிசைகளுக்கு 50,000 சொற்கள்தான் அளவு. கதை எப்படிச் சுற்றினாலும் முடிவு நம்பிக்கையாக இருக்க வேண்டும் என்பது இந்த வகைக்குச் சட்டம் மாதிரி. பிரிவிலும் சாவிலும் முடிக்கிற எங்கள் பழக்கம் அங்கே செல்லாது. போட்டி கடுமை, பதில் வர மாதக்கணக்கு ஆகும். அதை நம்பி வேலையை விட முடியாது. ஆனால் ஒரு கதவு, தட்டிப் பார்க்கலாம்.

இனி வேலை. 'வேலை பார்த்துக்கொண்டு எழுதுவது அரைகுறை' என்று மகள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் நாட்டு எழுத்தாளர்களையே பாருங்கள். செங்கை ஆழியான் அரச நிர்வாக உத்தியோகத்தில் இருந்துகொண்டுதான் அத்தனை நாவல்களையும் எழுதினார். அ. முத்துலிங்கம் படித்தது கணக்காளர் தொழில், ஐ.நா.வில் உத்தியோகம். டொமினிக் ஜீவா முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்துகொண்டே கதை எழுதியவர். 1966இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கி, தானே தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றார். இவர்களில் யாரை அரைகுறை என்பது?

ஆனால் மகள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். கணக்காய்வு வேலை எழுதுகிறவருக்கு ஏற்ற வேலை இல்லை. மார்ச் வந்தால் இரவு பத்து மணி, வாடிக்கையாளரின் அலுவலகத்துக்கு அலைச்சல், சனிக்கிழமையும் வேலை, அதற்கு மேல் சீமா வகுப்பு. அந்தப் பிள்ளை எப்போது எழுதும்? 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு கைத்தொலைபேசியில் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அது பாராட்டத்தக்கது, நீடிக்காது. ஆகவே விடவேண்டியது வேலையை அல்ல, இந்த வேலையை. சீமாவை முடித்துக்கொண்டு, ஐந்து மணிக்குக் கதவு சாத்துகிற ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவுக்கு மாறலாம். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மாலை நேரம் கிடைக்கும். எழுத்தோடு ஒட்டிய வேலை வேண்டுமென்றால் மொழிபெயர்ப்பு இருக்கிறது. சிங்களமும் ஆங்கிலமும் தமிழும் மூன்றும் நன்றாகத் தெரிந்தவருக்குக் கொழும்பில் வேலை இல்லாமல் போகாது. விளம்பர நிறுவனங்களில் வருகிற தமிழைப் பார்த்தாலே தெரியும், அங்கே நல்ல தமிழ் எழுதுகிற கைக்கு எவ்வளவு பஞ்சம் என்று. ஒரு எச்சரிக்கை: நாள் முழுக்க மற்றவர்களுக்காகச் சொற்களைப் புரட்டினால் இரவில் சொந்தக் கதைக்குச் சொல் வராது என்கிறவர்களும் உண்டு. சிலருக்கு எண்களோடு இருக்கிற வேலைதான் தலையைக் காலியாக வைத்திருக்கும். அவளுக்கு எது என்று அவளுக்குத்தான் தெரியும்.

மாதச் சம்பளத்தோடு போவது சம்பளம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லுங்கள். சேமலாப நிதிக்கு அவள் கட்டுவது 8 வீதம், வேலை கொடுப்பவர் கட்டுவது 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு வேலை கொடுப்பவர் கட்டுவது இன்னும் 3 வீதம். எழுத்தாளருக்கு அந்த 15 வீதத்தைக் கட்ட யாரும் இல்லை. சம்பளச் சீட்டு இல்லாமல் வங்கியில் கடன் கேட்டுப் பார்த்தவர்களுக்கு மற்றது தெரியும்.

அப்படியென்றால் எப்போது விடலாம்? இதற்கு 'ஒருநாள்' என்று பதில் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், நானும் நம்ப மாட்டேன். மூன்று பேரும் உட்கார்ந்து எழுதி வையுங்கள். என் அளவுகோல் இது: ஒரு வருடச் செலவு வங்கியில் தனியாக இருக்க வேண்டும். எழுத்து வருமானம் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து சம்பளத்தில் பாதியைத் தொட்டிருக்க வேண்டும், அதுவும் ஒரே தளத்திலிருந்து இல்லாமல். தளங்கள் விதியை ஒரே இரவில் மாற்றும். முடித்த புத்தகம் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், ஏனென்றால் புதுக் கதை பிடித்த வாசகர் பழையதைத் தேடி வாங்கும்போதுதான் மாத வருமானம் என்று ஒன்று உருவாகும். ஒரு புத்தகம் மட்டும் இருக்கிறவருக்கு எவ்வளவு கைதட்டல் கிடைத்தாலும் அடுத்த மாத வாடகைக்கு அது வராது. இவை நிறைவேறினால் அப்பா தடுக்கக் கூடாது. அதையும் அதே தாளில் எழுதுங்கள், அவரிடமும் கையொப்பம் வாங்குங்கள். நிபந்தனை ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றால் அது உடன்படிக்கை இல்லை, தண்டனை.

தினமும் 500 சொல் எழுதினால் நூறு நாளில் 50,000. திருத்தி எழுதுகிற நேரத்தையும் சேர்த்தால் வருடத்துக்கு ஒன்றரை, இரண்டு புத்தகம் வேலையோடு முடியும். அவளுக்கு 26, 27 வயதாகும்போது இந்த அளவுகோல் எட்டக்கூடியதுதான்.

எங்காவது பதிப்பகமோ செயலியோ ஒப்பந்தம் கொடுத்தால் கையொப்பமிட முன் என்னிடம் அல்ல, ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எழுதியவரின் பொருளாதார உரிமை அவர் வாழ்நாள் முழுக்கவும், அதன்பின் 70 வருடமும் நிற்கும். உங்கள் பேரப்பிள்ளைகள் வரை போகிற சொத்து. ஒரு தொகையைக் கையில் தந்து 'சகல உரிமைகளும்' என்று ஒரு வரி எழுதிக் கேட்பார்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், நாடகம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, கால எல்லையோடு கொடுக்கச் சொல்லுங்கள்.

பிறகு கல்யாணம். "நாளைக்குப் பேசி வருகிறவர்கள் இதைப் பார்த்தால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். புனைபெயர் இருக்கிறது. தளத்துக்கும் வங்கிக்கும் மட்டும் உண்மைப் பெயர் தெரிந்தால் போதும். அவள் விரும்பும்வரை அப்படியே இருக்கலாம். ஆனால் பேசி வருகிறவரிடம் மறைக்கச் சொல்லாதீர்கள். தினமும் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிற பெண்ணோடு வாழப் போகிறவருக்கு அது முதலே தெரிய வேண்டும்.

கடைசியாக, அவள் கதைகளை நீங்கள் வாசிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவளிடம் கேட்டுவிட்டு வாசியுங்கள். எழுத்துப் பிழை கண்டால் குறித்துக் கொடுங்கள், அதற்கு நன்றி சொல்வாள். கதையில் வருகிற அம்மா ஏன் எந்நேரமும் சத்தம் போடுகிறா என்று மட்டும் கேட்காதீர்கள்.