தகேதா கோட்டை: மேகத்துக்கு மேலே நிற்கும் கல்மதில் (கேள்வி பதில்)

ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில், அசாகோ ஊரில் இருக்கிறது தகேதா மலைக்கோட்டை. மூன்று முறை போய்வந்தேன் என்று சொன்னதும் பலரும் கேட்கத் தொடங்கிவிட்டீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அண்ணா, மேகக்கடலில் மிதக்கிற மாதிரி வரும் அந்தப் படத்தைக் கோட்டையில் எந்த இடத்தில் நின்று எடுக்கிறார்கள்?

கோட்டையில் நின்றால் கோட்டை எப்படித் தெரியும் தம்பி? அது ஆற்றுக்கு அக்கரையில், எதிர்மலைச் சரிவில் உள்ள ரித்சுவுன்கியோ என்ற இடத்திலிருந்து எடுப்பது. அங்கே உயரத்துக்கொன்றாகப் பார்வை மேடைகள் உண்டு. உச்சி மேடைக்கு வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அரைமணி நேரத்துக்கு மேல் ஏற வேண்டும். இருட்டில் ஏறுவதால் கையில் டார்ச் அவசியம்.

எந்த மாதம் போனால் மேகம் நிச்சயம்?

நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் முடியும்வரை வாய்ப்பு அதிகம். பார்க்கப்போனால் அது மேகமில்லை, மூடுபனி. மலையடியில் மருயாமா ஆறு ஓடுகிறது. வானம் தெளிந்த இரவில் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும். ஆற்றுநீர் அப்படிக் குளிராது. அதிலிருந்து எழும் ஈரக்காற்று குளிர்ந்த காற்றில் பட்டுப் பனியாகிப் பள்ளத்தாக்கை நிரப்பும். பகல் வெயிலுக்கும் விடியற்காலைக் குளிருக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்து, காற்றும் அடங்கியிருந்தால் நம்பிப் போகலாம். முதல் முறை எனக்குப் பனியே வரவில்லை. இரண்டாம் முறை கோட்டையும் சேர்ந்து மூழ்கிவிட்டது. மூன்றாம் முறைதான் மதில் மட்டும் மேலே நின்றது. பக்கத்தில் நின்ற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

மேலே கட்டடம் எதுவும் இல்லையாமே. வெறும் கல்லைப் பார்க்க ஏறணுமா?

கட்டடம் இல்லைதான். ஆனால் அந்தக் கல்லுக்காகத்தான் ஏறணும். 353 மீட்டர் உயர மலையுச்சியில், வடக்குத் தெற்காகச் சுமார் 400 மீட்டர், கிழக்கு மேற்காக 100 மீட்டர் நீளத்துக்கு மதில்கள் விரிந்து கிடக்கின்றன. சுண்ணாம்புச் சாந்து கிடையாது. கல்லைச் செதுக்கிச் சதுரமாக்கவும் இல்லை. மலைக்கல்லை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, இடுக்கில் சின்னக் கல்லைச் செருகியிருக்கிறார்கள். பிவா ஏரிப் பக்கத்து அனோ கல்தச்சர்களின் முறை இது. மழைநீர் உள்ளே தேங்காமல் இடுக்கு வழியே வடிந்துவிடும். 400 வருஷமாக நிற்கிறதென்றால் அதற்கு அதுவும் ஒரு காரணம். மூலைக்கு வந்ததும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். நீளக் கல்லை ஒரு வரிசை இந்தப் பக்கம், அடுத்த வரிசை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள்.

படுத்திருக்கும் புலி போல மலை தெரிவதால் 'புலி படுத்த கோட்டை' என்றும் இதற்குப் பெயர் உண்டு.

யார் கட்டியது? ஏன் கைவிட்டார்கள்?

15-ஆம் நூற்றாண்டில் யமானா சோசென் என்ற பிரபு கட்டச் சொன்னார், ஓதாகாகி குடும்பத்தார் காவல் இருந்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1577-இல், பின்னாளில் ஜப்பான் முழுவதையும் தன் கையில் கொண்டுவந்த தளபதி ஹிதேயோஷியின் தம்பி ஹிதேநாகா படையோடு வந்தார். பக்கத்து இக்குனோ வெள்ளிச் சுரங்கம்தான் எல்லார் கண்ணையும் இந்தப் பக்கம் இழுத்தது.

இன்று நாம் பார்க்கும் மதில்கள் கடைசித் தலைவர் அகாமாட்சு ஹிரோஹிதே காலத்தவை என்று கருதுகிறார்கள். கன்பூசிய நூல்களைக் கற்றவர் அவர். போரில் சிறைப்பிடித்துக் கொண்டுவரப்பட்ட கொரிய அறிஞர் காங் ஹாங்கை ஆதரித்தவர். 1600-இல், ஜப்பானை யார் ஆள்வது என்று மேற்கு, கிழக்கு என இரண்டு அணிகளாகப் பிரிந்து பிரபுக்கள் மோதிய செகிகஹாரா போரின்போது முதலில் மேற்கு அணியில் இருந்து, பிறகு கிழக்கு அணிக்கு மாறி, தொத்தோரி கோட்டைத் தாக்குதலில் சேர்ந்தார். அதில் ஊர் எரிந்தது. பழி இவர்மேல் விழுந்தது. வயிற்றைக் கிழித்து உயிர்விடும்படி ஆணை வந்தது. அத்தோடு கோட்டையும் ஆளில்லாமல் போனது. இவ்வளவு கல்லையும் மலையேற்றியவருக்கு அங்கே வாழக் கொடுத்து வைக்கவில்லையே என்று ஒவ்வொரு முறையும் மனசு கனத்துப்போகும்.

அம்மாவுக்கு 62 வயசு, முட்டிவலி வேறு. கூட்டிப் போகலாமா? அக்கா போனபோது கஷ்டப்பட்டாளாம்.

உங்கள் அக்கா ரயில் நிலையத்துப் பின்பக்கப் படிவழியில் ஏறியிருப்பார். அது செங்குத்து. அம்மாவைப் பேருந்தில் கூட்டிப் போங்கள். இறங்கியபின் 20 நிமிஷம் தார்ச்சாலையில் நடக்க வேண்டும். உள்ளே படிகள் உண்டு, மெதுவாக ஏறலாம். மேலே கழிப்பறை கிடையாது, கீழேயே போய்விட்டு வரட்டும். ஜனவரி, பிப்ரவரியில் கோட்டையை மூடிவிடுவார்கள்.

ஒசாகாவிலிருந்து காலையில் கிளம்பினால் போதுமா?

கோட்டைக்குப் போதும், பனிக்குப் போதாது. ஹிமேஜி போய், பான்தான் ரயில் தடத்தில் தெராமாயேயில் மாறி, தகேதாவில் இறங்கணும். விடியலைப் பார்க்க முந்தின இரவே அங்கே தங்கிவிடுங்கள்.

மதில் விளிம்பில் உட்கார்ந்து படம் எடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. பல இடங்களில் தடுப்பே இல்லை, கீழே நேர்ப்பள்ளம். உங்கள் உயிர் ஒருபக்கம், மதில் ஒருபக்கம். கூட்டம் பெருகியபோது கால்பட்டு மண் தேய்ந்து, புதைந்திருந்த கூரை ஓடுகள் வெளியே வந்தன. அதனால்தான் இப்போது பாதையில் விரிப்புப் போட்டிருக்கிறார்கள். அதைவிட்டு இறங்காதீர்கள்.

ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. எதிர்மலையா, கோட்டையா?

இரண்டும் முடியும். விடியுமுன் ரித்சுவுன்கியோ ஏறிவிடுங்கள். எட்டு மணி வாக்கில் வெயில் ஏறப் பனி கலையத் தொடங்கும். அப்போது இறங்கி, ஊருக்குள் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கோட்டைக்கு ஏறுங்கள். நான் போனபோது நுழைவுக் கட்டணம் 500 யென். விடியலில் மேகத்துக்கு மேலே பார்த்த அதே மதிலைப் பத்து மணிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.